சேத்தக் ஆடுதா? டயரை மாத்துறதுக்கு முன்னாடி இன்ஜின் ரப்பரைப் பாருங்க

பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வச்சிருக்கறவங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு கண்டிப்பா இங்கதான் வந்து நிக்கும். வளைவுல திரும்பும்போது முன்சக்கரம் ஒழுங்கா போகுது, பின்பக்கம் கொஞ்சம் லேட்டா வந்து சேருது. ஐடிலிங்ல நின்னா சீட்டு, ஃபுட்போர்டு, கண்ணாடி எல்லாம் நடுங்குது. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா அடியில "டொக்"னு ஒரு சத்தம். சில வண்டில ரெண்டாவது கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துடும். இதுக்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க, டயர் மாத்து, முன்னாடி ஹேண்டில் திரும்பற இடத்துல இருக்கற கோன் செட் மாத்து, ஷாக் அப்சார்பர் போச்சு, கியரைப் பிடிச்சு மாத்தற சிலுவை மாதிரி இருக்கற கியர் கிராஸ் தேஞ்சிடுச்சு இன்ஜினைப் பிரிக்கணும்னு. எங்க அப்பா எண்பதுகள்ல வாங்கின வண்டிக்கு இந்த வைத்தியம் பாதிக்கு மேல நடந்து முடிஞ்சிடுச்சு, காசும் போச்சு, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு. காரணம் என்னன்னா உள்ள ரெண்டு ரப்பர் புஷ். இன்ஜினை பாடியோட சேர்த்துப் பிடிக்கிற ரப்பர். அதை யாருமே பார்க்கல.

இந்த ரப்பருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் குடுக்குறேன்னா, வெஸ்பா வழியில வந்த வண்டிகள்ல இன்ஜின் எப்படி உட்கார்ந்திருக்குங்கறதைப் பார்த்தாதான் புரியும். வெஸ்பாவை வடிவமைச்ச கொராடினோ தஸ்கானியோ ஒரு விமான இன்ஜினியர், 1946ல பியாஜியோ அதுக்கு காப்புரிமை பதிவு பண்ணாங்க. செயின் கிடையாது, பைக்ல இருக்கற மாதிரி பின்சக்கரத்தைப் பிடிக்க தனி ஸ்விங்ஆர்ம் கிடையாது. கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட்லயே பின்சக்கரம் நேரா மாட்டியிருக்கும். அதனால இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் ஒரே கட்டியா சேர்ந்து மேலயும் கீழயும் அசையும். முன்னாடி ஒரு நீள போல்ட், பின்னாடி ஒரு ஷாக் அப்சார்பர், அந்த மொத்தக் கட்டியையும் பாடியோட பிடிச்சு வச்சிருக்கறது இது ரெண்டுதான். அந்த போல்ட் நேரா இன்ஜினைத் தொடாது. இன்ஜின் கேஸோட முன்பக்கம் குறுக்கால ஒரு குழாய் சேர்த்து வார்த்திருப்பாங்க, அந்தக் குழாயோட ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ், ரப்பருக்கு நடுவுல இரும்பு டியூப், டியூப்புக்குள்ளதான் போல்ட் போகும். கதவுக்கு கீல் எப்படியோ வண்டியோட பின்பாதிக்கு இது அப்படி.

அப்போ அந்த ரப்பர் ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்க்குது. ஒத்தை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பிஸ்டன் போயிட்டு வர்ற உதறலை கிராங்க்ல வெயிட் வச்சு முழுசா சமன் பண்ண முடியாது, மிச்சத்தை இந்த ரப்பர்தான் குடிக்கணும். அதோட பின்சக்கரம் நேரா நிக்கணும்னாலும் இந்த ரப்பர்தான் பிடிக்கணும். பைக்ல இன்ஜின் மவுன்ட் போனா உதறல் வரும், அவ்வளவுதான். சேத்தக்ல போனா சக்கரமே சாயும். நம்ம மெக்கானிக்குங்கள்ல பல பேர் பைக் காலத்துல வேலை கத்துக்கிட்டவங்க, அதனால இது கண்ணுக்குப் படாம போயிடுதுன்னு நினைக்கிறேன். அவங்களைக் குறை சொல்லல, இப்ப ஒரு கடைக்கு வருஷத்துல எத்தனை சேத்தக் வரும் சொல்லுங்க.

லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வச்சிருக்கவங்களுக்கும் அடிப்படை இதேதான். அதுல உள்ளுக்குள்ள செயின் ஓடும், புஷ்ஷோட அளவு வேற, ஆனா இன்ஜின் மொத்தமா ஒரு போல்ட்டைச் சுத்தி அசையறதும் அந்த இடத்துல ரப்பர் இருக்கறதும் ஒண்ணுதான்.

ரப்பர் போச்சான்னு வீட்லயே பார்த்துடலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்பக்கத்தை ஒருத்தர் அழுத்திப் பிடிச்சா பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். நீங்க பின்னாடி உட்கார்ந்து சக்கரத்தோட மேல்பக்கத்தை ஒரு கையாலயும் கீழ்பக்கத்தை ஒரு கையாலயும் பிடிச்சு இடம் வலமா ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா அது எங்க இருந்து வருதுன்னு பிரிச்சுப் பார்க்கணும், அதுதான் முக்கியம். சக்கரமும் டிரம்மும் மட்டும் அசைஞ்சு இன்ஜின் அசையாம நின்னா வீல் நட்டோ பேரிங்கோ பிரச்சனை. சக்கரத்தோட சேர்ந்து இன்ஜினே அசைஞ்சா ரப்பர்தான், சந்தேகமே வேண்டாம். இன்னொருத்தரை அடியில கை விட்டு அந்த நீள போல்ட் பக்கத்துல விரலை வைக்கச் சொன்னா இன்னும் தெளிவாத் தெரியும், பாடிக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி கூடிக் குறையறது விரல்லயே தெரியும். வண்டிக்குப் பின்னாடி பத்தடி தள்ளி நின்னு பார்த்தாலும் ஓரளவுக்குப் பிடிபடும், ரொம்ப மோசமா போன வண்டில பின்சக்கரம் பாடியோட நடுவுல இருக்காது, ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், டயரும் ஒரு ஓரமா தேஞ்சிருக்கும்.

கியர் நழுவறது பத்தி தனியா சொல்லணும், ஏன்னா காசு அதிகமா வீணாகுற இடம் அது. சேத்தக்ல கியர் இடது கைப்பிடில இருந்து ரெண்டு ஒயர் வழியா இன்ஜினுக்குப் போகுது. ஒயரோட ஒரு முனை பாடியில, இன்னொரு முனை இன்ஜின்ல. ரப்பர் தளர்ந்து இன்ஜின் முன்னப் பின்ன நகர்ந்தா ஒயரோட இழுப்பு ஒவ்வொரு தடவையும் மாறும், நீங்க எவ்வளவு நல்லா அட்ஜஸ்ட் பண்ணி வச்சாலும் ஆக்சிலேட்டர் குடுத்த உடனே இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி கியரைப் பாதி இழுத்து விட்டுடும். கியர் கிராஸ் உண்மையிலேயே தேயும், தேய்ஞ்சாலும் கியர் நழுவும், அதை மறுக்கல. ஆனா கிராஸ் மாத்தணும்னா இன்ஜினை ரெண்டாப் பிளக்கணும். ரப்பரைப் பார்க்காம அந்த வேலைக்கு சம்மதிக்காதீங்க.

ரப்பர் ஏன் போகுதுன்னா வயசு ஒண்ணு. இருபது முப்பது வருஷம் ஆன ரப்பர் காத்துலயே காஞ்சு இறுகி வெடிக்கும். இன்னொண்ணு எண்ணெய். சேத்தக்ல கார்பரேட்டர் இன்ஜின் மேலயே ஒரு டப்பாக்குள்ள இருக்கு, ஊசி வால்வு சரியா மூடலன்னா பெட்ரோல் வழிஞ்சு கீழ இறங்கும், அந்தப் பெட்ரோல்ல 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஊத்தற ஆயில்) கலந்திருக்கு, லிட்டருக்கு 20 மில்லி. கிக்கர் அடிச்சு ஸ்டார்ட் ஆகலன்னா வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிப்போமே, அப்பவும் கொஞ்சம் வழியும். இயற்கை ரப்பருக்கு பெட்ரோலும் மினரல் ஆயிலும் ஆகாது, ஊறி உப்பி வலு போயிடும். மூணாவது, வருஷக்கணக்கா ஓட்டாம நிறுத்தி வச்சிருக்கற வண்டி. இன்ஜினோட எடை ஒரே பக்கமா அழுத்தி அழுத்தி நடு டியூப் ஒரு ஓரத்துக்குப் போய் ரப்பர் அப்படியே நின்னுடும். தாத்தா வண்டி, அப்பா வண்டின்னு ஆசையா வெளிய எடுத்து பெயின்ட் அடிச்சு குரோம் போட்டு ஓட்டறவங்க இதை மறந்துடறாங்க. எனக்கு அதுலதான் ரொம்ப வருத்தம், பெயின்ட்டுக்கு பல ஆயிரம் செலவு பண்றாங்க, சில நூறு ரூபாய் ரப்பர் பழசாவே கிடக்கு.

சரி வேலைக்கு வருவோம். இன்ஜினை இறக்கித்தான் ஆகணும். பெட்ரோல் காக்கை மூடி ட்யூபைக் கழட்டுங்க, டேங்க்ல பெட்ரோல் நிறைய இருந்தா கேன்ல பிடிச்சு தூரமா வைங்க. வலது பக்க டூமை, அதாவது இன்ஜினை மூடியிருக்கற தகரத்தை எடுத்துட்டா ஒயரிங் சேர்ற சின்ன டப்பா தெரியும், கலர் எல்லாம் மங்கிப் போயிருக்கும், அதனால கழட்டறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்துடுங்க. ஆக்சிலேட்டர், சோக், கிளட்ச், ரெண்டு கியர் ஒயர், பின் பிரேக் ஒயர், எல்லாத்தையும் இன்ஜின் பக்கத்துல விடுவிக்கணும். கியர் ஒயர் ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், ஒண்ணுல டேப் சுத்தி அடையாளம் வைங்க, இல்லன்னா மாட்டும்போது குழப்பும். சைலன்சரைக் கழட்டிடுங்க. பின்சக்கரத்தை மட்டும் கழட்டாதீங்க, இது எனக்கு வேலை பார்த்துக் குடுத்த பெரியவர் சொன்னது. "சக்கரம் இருந்தா இன்ஜினை உருட்டியே எடுத்துடலாம் தம்பி, தூக்கி முதுகை ஒடச்சுக்க வேண்டாம்"னார். ஷாக்கோட கீழ் நட்டைக் கழட்டினதும் பாடியைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும், இல்லன்னா ஃபுட்போர்டு அடியில மரக்கட்டை குடுத்து நிறுத்தணும். அப்புறம்தான் அந்த நீள போல்ட்.

நேரம் முழுக்க அந்த போல்ட்தான் சாப்பிடும். நட்டு சுலபமா வந்துடும், போல்ட் வராது. மழைத் தண்ணி வருஷக்கணக்கா உள்ள இறங்கி போல்ட்டும் நடு டியூப்பும் துருவால ஒட்டிப் போயிருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினா போல்ட் திரும்பற மாதிரி தெரியும், ஆனா உண்மையில டியூப்பும் சேர்ந்துதான் ரப்பர்க்குள்ள திரும்பிட்டு இருக்கும். சுத்தியலால போல்ட் முனையில நேரா அடிச்சா மரை நசுங்கி போல்ட் வெளியவும் வராது, நட்டு திரும்ப ஏறவும் ஏறாது. எங்க வண்டில பெரியவர் நட்டை முனையோட முனையா திரும்ப மாட்டிட்டு, மேல பித்தளைக் கட்டி வச்சு நிதானமா அடிச்சார், நடுநடுவுல துரு விடுற ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டார். அன்னைக்கு வரல. "அவசரப்பட்டா கேஸ் உடையும், ராத்திரி ஊறட்டும்"னு சொல்லிட்டு வேற வண்டியைப் பார்க்கப் போயிட்டார். மறுநாள் காலைல நாலு அடியில நகர்ந்துச்சு. அப்படியும் வரலன்னா கடைசி வழி, பாடிக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவுல ஹாக்ஸா பிளேடை விட்டு ரெண்டு பக்கமும் டியூப்பையும் போல்ட்டையும் சேர்த்தே அறுக்கறது. போல்ட்டும் டியூப்பும் புதுசு கிடைக்கும், இன்ஜின் கேஸும் பாடியும் கிடைக்காது, அதனால அறுக்கத் தயங்காதீங்க. தீ வச்சு சூடு பண்ணலாம்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, பெட்ரோல் வாடை அடிக்கற இடத்துல அது வேண்டவே வேண்டாம்.

பழைய ரப்பரை எடுக்கறது அடுத்த கட்டம். எங்க வண்டில ஒரு பக்கம் ரப்பர் பிளந்து நடு டியூப் கீழ்ப்பக்கமா இறங்கியே போயிருந்துச்சு, வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துல இருந்துச்சு, சுத்தி கருப்பா மாவு மாவா தேஞ்ச ரப்பர். அதைக் கையில எடுத்துப் பார்த்தப்பதான் இத்தனை நாள் பின்சக்கரம் எதை நம்பி நின்னுச்சுன்னு எனக்கு உறைச்சது. அப்பா ஆஃபீஸ் போனதும் எங்களை எல்லாம் ஏத்திட்டு கோயிலுக்குப் போனதும் இந்த ரெண்டு ரப்பர் மேலதான்.

இதுல ரப்பர் மட்டும் வர்ற வகையும் இருக்கு, ரப்பருக்கு வெளிய இரும்பு உறை போட்ட வகையும் இருக்கு. உறை இருந்தா ரப்பரைக் குடைஞ்சு எடுத்துட்டு உறையை ஹாக்ஸா பிளேடால உள்பக்கமா ஒரு கோடு அறுத்து, உளியால லேசா உள்நோக்கி மடக்கினா தளர்ந்து வந்துடும். உறை அறுந்து பிளேடு அலுமினியத்தைத் தொட ஆரம்பிக்கறது கைக்கே தெரியும், இரும்பை அறுக்கும்போது இருக்கற கரகரப்பு போயிடும், அங்க நிறுத்திடணும். சுத்தியலும் பைப்பும் வச்சு அடிச்சுத் தள்றவங்களைப் பார்த்திருக்கேன். கேஸ் வார்ப்பு அலுமினியம், அடி தாங்காது, அந்தக் குழாயோட விளிம்புல விரிசல் விட்டா ஆர்கன் வெல்டிங் வச்சு லேத்ல கடைஞ்சு எடுக்கணும், ரப்பர் வேலை பெரிய வேலையாயிடும்.

ரப்பர் வாங்கும்போது பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க. சென்னைன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்லயும் புதுப்பேட்டையிலயும் தேடினா கிடைக்கும், மத்த ஊர்ல பழைய ஸ்பேர்ஸ் கடைகள்ல கேட்டுப் பாருங்க. சேத்தக்னு மட்டும் சொன்னா போதாது, 1972ல ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக்கு மேல வந்த வண்டி, நடுவுல எத்தனையோ மாத்தம், கடைசில ஃபோர் ஸ்ட்ரோக் கூட வந்துச்சு. வெளி விட்டம், நீளம், நடு ஓட்டை மூணையும் வெர்னியர்ல அளந்து பழசோட ஒத்துப் பாருங்க. ரப்பரை நகத்தால அழுத்துங்க, நகம் எடுத்ததும் தடம் உடனே மறையணும். கல்லு மாதிரி இருந்தா உதறல் முழுக்க சீட்டுக்கு வரும், ரொம்ப மெத்துனு இருந்தா ஆட்டம் போகாது. ரப்பரும் இரும்பும் ஒட்டற கோட்டைச் சுத்திப் பாருங்க, அங்க பிரிஞ்சிருந்தா விலை எவ்வளவு கம்மின்னாலும் திருப்பிக் குடுத்துடுங்க. பாலியூரித்தேன் புஷ் நல்லதுன்னு சில பேர் சொல்றாங்க, எண்ணெய் தாங்கும் ரொம்ப நாள் வரும் உண்மைதான், ஆனா அது இறுக்கமான சாமான், தினமும் ஓட்டற வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன். சேத்தக் ஓட்டற சுகமே அந்த மெத்துனு வர்ற பயணத்துலதான் இருக்கு, அதைக் கெடுத்துக்கக் கூடாது.

புது புஷ்ஷை மாட்டறதுக்கு ஒரு நீள மரைக் கம்பி, ரெண்டு நட்டு, தடிமனான வாஷர், புஷ்ஷோட வெளி விட்டத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டு பைப் துண்டு இருந்தா போதும். லேத் பட்டறையில சொன்னா கடைஞ்சு குடுப்பாங்க. புஷ்ஷை ராத்திரியே ஃப்ரீசர்ல வச்சிடுங்க, மாட்டறதுக்கு முன்னாடி கேஸோட அந்தக் குழாயை ஹாட் ஏர் கன் வச்சு கை வைக்க முடியாத அளவுக்கு சூடு பண்ணுங்க. அலுமினியம் இரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால அந்த நிமிஷத்துல புஷ் முரண்டு பிடிக்காம உள்ள போகும். வழுக்கறதுக்கு சோப்புத் தண்ணி மட்டும் போடுங்க, கிரீஸோ ஆயிலோ கூடவே கூடாது, காரணம் மேலயே சொல்லிட்டேன். கம்பியைக் கோர்த்து ரெண்டு பக்க நட்டையும் மாத்தி மாத்தி இறுக்கினா ரெண்டு புஷ்ஷும் சமமா உள்ள போகும். கோணலாப் போக ஆரம்பிச்சா உடனே நிறுத்தி வெளிய எடுத்துத் திரும்ப வைங்க. ரெண்டு பக்கமும் புஷ் ஒரே அளவு உள்ள போயிருக்கணும், ஒரு பக்கம் அதிகமாப் போனா இன்ஜின் ஒரு ஓரமா நிக்கும், பின்சக்கரமும் நடுவுல நிக்காது.

இன்ஜினை உருட்டி உள்ள தள்ளி, போல்ட்ல துரு பிடிக்காம இருக்க டியூப்புக்குள்ள போற பகுதிக்கு மட்டும் லேசா கிரீஸ் தடவி விடுங்க, ரப்பர்ல படாம. இப்பதான் முக்கியமான இடம், பல கடைல இதைச் செய்யறதே இல்ல. போல்ட்டை மாட்டினதும் உடனே இறுக்கிடறாங்க, சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே. நட்டை இறுக்கினா நடு டியூப் பாடியோட பூட்டிக்கும், அதுக்கு அப்புறம் இன்ஜின் அசையறது எல்லாமே ரப்பர் முறுக்கிக்கறதாலதான். சக்கரம் தொங்கற நிலையில பூட்டினா, ஸ்டாண்டை எடுத்து நீங்க உட்கார்ந்த உடனே ரப்பர் ஒரு பக்கமா முறுக்கிட்டு நிக்கும், ஓட்டற நேரம் பூரா அந்த முறுக்கோடயே இருக்கும், சீக்கிரமே பிளந்துடும். அதனால நட்டை விரலால மட்டும் மாட்டிட்டு, ஷாக்கை மாட்டி, வண்டியை ரெண்டு சக்கரத்துலயும் தரையில நிறுத்தி, உங்க எடைக்கு ஒரு ஆளை சீட்டுல உட்கார வச்சு, அந்த நிலையில கடைசி இறுக்கு குடுங்க. எங்க வண்டிக்கு அப்பாவையே உட்கார வச்சோம்.

நட்டும் ஸ்பிரிங் வாஷரும் புதுசு போடுங்க. இன்ஜின் வெளிய இருக்கும்போதே ஷாக்கோட மேல் ரப்பரையும் கீழ் கண்ணுல, அதாவது போல்ட் போற வளையத்துல இருக்கற புஷ்ஷையும் பார்த்துடுங்க, ரெண்டும் அதே வயசு ரப்பர்தான், அதே நேரத்துல மாத்தினா தனிக்கூலி கிடையாது. ஒயர் எல்லாம் மாட்டினதும் கிளட்ச், கியர், பிரேக் மூணையும் முதல்ல இருந்து அட்ஜஸ்ட் பண்ணணும், ஏன்னா இன்ஜின் இப்ப அதோட சரியான இடத்துக்கு வந்திருக்கு, பழைய அளவு எதுவும் ஒத்து வராது. எங்க வண்டில கியர் ஒயர் கணிசமா தளர்ந்துச்சு, இத்தனை நாள் இடம் மாறின இன்ஜினுக்கு ஏத்தபடி ஒயரை இழுத்து இழுத்து வச்சிருந்தாங்க.

ஓட்டிப் பார்த்தப்போ முதல்ல தெரிஞ்சது சத்தம் இல்லாததுதான், ஸ்பீட் பிரேக்கர்ல அந்த "டொக்" போயிடுச்சு. வளைவுல பின்பக்கம் முன்பக்கத்தோடயே வந்துச்சு. ரெண்டாவது கியர் நழுவல, கிராஸ் மாத்தணும்னு ஒரு கடையில அடிச்சு சொன்ன வண்டி இது. ஐடிலிங்ல கொஞ்சம் நடுக்கம் இருக்கு, புது ரப்பர் படிய கொஞ்ச நாள் ஆகும்னு பெரியவர் சொன்னார், இப்ப குறைஞ்சிட்டு வருது. முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் அந்த நீள போல்ட் நட்டையும் ஷாக் நட்டையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க, கார்பரேட்டர் டப்பா அடியில பெட்ரோல் வழியுதான்னும் பாருங்க, வழிஞ்சா ஊசி வால்வை மாத்தின பிறகு வண்டியை எடுங்க, இல்லன்னா புது ரப்பரும் பழைய ரப்பர் போன வழியிலயே போகும்.